வீட்டு வாசலில் கான்கிரிட் பாதை: ஊற்றுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

நியாலாஸ், ஆசாகான், செலாண்டார், ஜாசின் வட்டாரங்களில் தோட்ட வீட்டை விட்டு வந்து தாமான்களிலும் கம்பங்களிலும் சொந்த வீடு வாங்கிய குடும்பங்கள், உள்வேலைகள் முடிந்ததும் அடுத்து யோசிப்பது வாசலைப் பற்றித்தான். மழை பெய்தால் செம்மண் சேறு, வெயில் அடித்தால் தூசி. கார் டயர் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அதனால் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, சாலையிலிருந்து வீடு வரை கான்கிரிட் ஊற்றிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

அப்படி ஊற்றிய பாதை ஓரிரு ஆண்டுகளில் வெடித்தாலோ ஒரு பக்கம் இறங்கினாலோ, பழி சிமெண்டு மீது விழுகிறது. பெரும்பாலும் குறை சிமெண்டில் இருப்பதில்லை. அடியில் உள்ள மண், மழை நீர் போகும் வழி, ஊற்றிய பின் ஈரம் காத்தல் ஆகிய மூன்றில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிருக்கும். கான்கிரிட் இறுகிய பிறகு இவற்றைத் திருத்த உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிலம் யாருடையது?

முதல் கேள்வி இதுதான். உங்கள் பட்டாவில் உள்ள நிலம் பொதுவாக வேலியோடு முடிந்துவிடும். வேலிக்கு வெளியே சாலை வரை உள்ள இடம் சாலை ஒதுக்கீட்டு நிலம். அங்குள்ள கால்வாய் உங்களுடையதன்று. கால்வாயின் மேல் பாலம் போடவோ, குழாய் பதித்து மூடவோ ஜாசின் நகராண்மைக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே கேட்க வேண்டும். வீடு மாநிலச் சாலையையோ கூட்டரசுச் சாலையையோ ஒட்டியிருந்தால் பொதுப்பணி இலாகாவையும் அணுக வேண்டும். பாதையோடு சேர்த்துக் காருக்குக் கூரையும் போடுவதாக இருந்தால், 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் கட்டட வரைபட அங்கீகாரம் தேவைப்படலாம். அதையும் அதே முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். வீடும் நிலமும் நிறுவனத்தினுடையவை. ஓய்வு பெறும்போதோ வேலையை விடும்போதோ வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஊற்றிய கான்கிரிட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, போட்ட பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே ஒரு மூட்டை சிமெண்டுகூடப் போடாதீர்கள். பாதை அவசியம் என்றால் உடைகல் பரப்பி, மேலே ஆயத்த கான்கிரிட் பலகைகளை அடுக்கலாம். வீடு மாறும்போது அவற்றை எடுத்துக்கொண்டு போகலாம். தோட்ட வீடுகளின் தரத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குவது 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் முதலில் நிர்வாகத்திடமும், பலன் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவிடமும் புகார் செய்யலாம்.

எந்த மாதத்தில் செய்வது?

தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று அக்டோபரில் ஆள் தேடுவது நம்மவர் வழக்கம். ஆனால், அக்டோபரும் நவம்பரும் பிற்பகல் இடிமழைக் காலம். தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் அடிமண் இளகிவிடும். மலாக்காவில் மழை குறைவாக உள்ள ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. தீபாவளிக்குள் வேண்டுமென்றால் ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். எந்த மாதமானாலும் காலை 7 மணிக்கே ஊற்றத் தொடங்குவது நல்லது. மதிய வெயிலும் மாலை மழையும் புதிய கான்கிரிட்டுக்கு ஆகாதவை.

மண்ணும் அடித்தளமும்

மலாக்கா மாநிலத்தின் செம்மண்ணில் பல இடங்களில் செம்பூராங்கல் கலந்திருக்கும். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் ஏ ஃபமோசா கோட்டையைக் கட்டியது இந்த வகைக் கல்லால்தான். காய்ந்து இறுகியிருக்கும்போது அது நல்ல தாங்குமண். களிமண் அதிகமாக உள்ள தாழ்வான இடங்கள் அப்படியல்ல. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

பழைய தோட்ட நிலத்தில் எழுந்த வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரப்பர் மரத்தின் அடிக்கட்டையோ செம்பனையின் தண்டோ மண்ணுக்குள் புதைந்திருக்கலாம். அது மக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகி, மேலே உள்ள கான்கிரிட் உடையும். தோண்டும்போது கருத்த, மெத்தென்ற மண் தென்பட்டால் கெட்டியான மண் வரும்வரை எடுத்துவிட்டு, அந்த இடத்தை உடைகல்லால் நிரப்புங்கள்.

பாதையின் இறுதி மட்டத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தோண்ட வேண்டும். அதில் 15 சென்டிமீட்டர் உடைகல் அடித்தளம், 10 சென்டிமீட்டர் கான்கிரிட். கடையில் ‘கிரஷர் ரன்’ என்று கேட்டால் பொடியும் கல்லும் கலந்த உடைகல் கிடைக்கும். அதை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் பரப்பி, லேசாக நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் இடிக்க வேண்டும். இடிக்கும் இயந்திரத்தை நாள் வாடகைக்கு எடுக்கலாம். காலணிக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

அடித்தளத்தை மூடுவதற்கு முன் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மலக்குழி மூடி ஆகியவை எங்கே உள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள். மலக்குழி மூடியின் மேல் கான்கிரிட் ஊற்றக்கூடாது. அதன் மேல் கார் ஏறவும் கூடாது. பாதையின் குறுக்கே ஒரு காலி பிவிசி குழாயைப் புதைத்து வைத்தால், பிற்காலத்தில் தானியங்கிக் கதவுக்கு மின்கம்பி இழுக்கப் பாதையை உடைக்க வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கே போகும்?

ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை சரிவு வேண்டும். 10 மீட்டர் பாதை என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 10 முதல் 20 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். சரிவு வீட்டிலிருந்து வெளியே கால்வாய் நோக்கி இருக்க வேண்டும், அண்டை வீட்டை நோக்கி அன்று. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பிடித்து மட்டம் பார்க்கும் பழைய கொத்தனார் முறையே இதற்குப் போதும்.

கால்வாயைக் கடக்கும் இடத்தில், தூக்கி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டம் போடுங்கள். முழுதாக மூடிவிட்டால் உள்ளே இலையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு பெருகும். உங்கள் வளாகத்தில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதமும் வரும்.

தடிமன், கம்பி வலை, பொருள் கணக்கு

சாதாரண காருக்கு 10 சென்டிமீட்டர் தடிமன் போதும். லாரியோ பாரமேற்றிய வேனோ வந்து போகும் வீட்டுக்கு 15 சென்டிமீட்டர் வேண்டும். கம்பி வலையைக் கடையில் ‘பிஆர்சி’ என்பார்கள். ‘ஏ6’ என்பது 6 மில்லிமீட்டர் கம்பியை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் பற்றவைத்த வலை. காருக்கு அது போதுமானது. வலை கான்கிரிட்டின் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் வலையால் பயனில்லை. ஊற்றிக்கொண்டே கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்பதை ஏற்காமல், சிறு சிமெண்டுக் கட்டிகளை வைத்து முன்கூட்டியே தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். வலை வெடிப்பைத் தடுக்காது. வெடித்தாலும் அகலாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை.

3 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பாதைக்கு 3 கனமீட்டர் கான்கிரிட் ஆகும். சிந்துவதற்கும் பள்ளத்துக்கும் சேர்த்து 3.3 கனமீட்டர் என்று கணக்கிடுங்கள். கையால் 1:2:4 விகிதத்தில் கலந்தால் ஏறக்குறைய 22 மூட்டை சிமெண்டு, ஒன்றரை கனமீட்டர் மணல், 3 கனமீட்டர் கல் தேவைப்படும். இங்கே மூட்டை என்பது 50 கிலோ.

பணம் குறைவாக இருந்தால் தடிமனைக் குறைக்காதீர்கள், பரப்பைக் குறையுங்கள். கார்ச் சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் 75 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள் ஊற்றி, நடுவில் 75 சென்டிமீட்டரைப் புல்லுக்கு விடலாம். அதே 10 மீட்டருக்குக் கான்கிரிட் பாதியாகக் குறையும். மழை நீரில் ஒரு பகுதியும் மண்ணில் இறங்கும்.

கையால் கலப்பதா, லாரியா?

3 கனமீட்டரைக் கையால் கலப்பது ஒரு நாள் முழுக்க நடக்கும் வேலை. ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு விதமாக வரும் ஆபத்து உண்டு. ரெடிமிக்ஸ் லாரியில் ‘தரம் 25’ என்று கேட்டு வாங்கினால், 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் கலவை வரும். அளவு குறைவாக இருந்தால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். அண்டை வீட்டுக்காரரும் ஊற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் சேர்ந்து வாங்கலாம். 6 கனமீட்டர் ஏற்றிய லாரி சுமார் 25 டன் எடை இருக்கும். வழியிலுள்ள சிறு பாலமும் உங்கள் கால்வாய் மூடியும் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

கையால் கலந்தாலும் லாரியில் வந்தாலும், இழுக்கச் சுலபமாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுவது வலுவைக் கெடுக்கும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். மேலே ஈரம் மிதக்கிறது என்று காய்ந்த சிமெண்டைத் தூவுவதும் தவறு. அந்த மேல்தோல் பின்னர் உரிந்து வரும். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். வேலை செய்பவர்கள் பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும், பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

மேற்பரப்பைத் துடைப்பத்தால் குறுக்காகக் கோடிழுத்துச் சொரசொரப்பாக விடுங்கள். மழையில் வழுக்காது. வாசற்படி அருகே கோலம் போடும் ஒரு மீட்டர் இடத்தை மட்டும் சற்று வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லலாம்.

வெட்டுக் கோடுகளும் ஏழு நாள் ஈரமும்

கான்கிரிட் காயும்போது சுருங்கும். அது எங்கே வெடிக்க வேண்டும் என்று நாமே இடம் காட்டிவிட வேண்டும். மேற்சொன்ன பாதையில் இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக மூன்று குறுக்கு வெட்டுகள் போதும். ஆழம் தடிமனில் கால் பங்கு, அதாவது இரண்டரை சென்டிமீட்டர். ஊற்றிய அன்று மாலையோ மறுநாள் காலையோ வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் கான்கிரிட் தானே இடம் தேர்ந்துகொள்ளும். பாதை வீட்டுச் சுவரையும் கால்வாயையும் தொடும் இடங்களில் மெல்லிய நுரைப் பலகையை இடையில் வைத்து ஊற்றுங்கள்.

பிறகு 7 நாள் ஈரம் காக்க வேண்டும். நனைத்த சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ போதும். இந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டுக்காரரே செய்ய வேண்டியிருக்கும். ஒரு நாள் கழித்து நடக்கலாம், 7 நாள் கழித்துக் கார் ஏற்றலாம். லாரிக்கு 28 நாள் பொறுங்கள்.

குத்தகையாளரிடம் எழுதி வாங்க வேண்டியவை

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி-யில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். குறைந்தது மூவரிடம் விலை கேளுங்கள். அனைவரிடமும் ஒரே விவரத்தைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். நீளம், அகலம், தடிமன், உடைகல் ஆழம், வலையின் அளவு, கலவையின் தரம், சரிவின் திசை, வெட்டுக் கோடுகள், மீதி மண்ணை யார் அகற்றுவது ஆகிய அனைத்தும் தாளில் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை 7 நாள் ஈரம் காத்த பிறகு, ஒரு வாளி தண்ணீரை ஊற்றி அது கால்வாய்க்கு ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஊற்றும் நாள் காலையில் அளவுகோலோடு நின்று ஓரப் பலகையின் உயரத்தையும் வலையின் உயரத்தையும் அளந்து, படம் எடுத்து வையுங்கள். லாரி ஓட்டுநர் தரும் விநியோகச் சீட்டில் கலவையின் தரமும் அளவும் நேரமும் இருக்கும். அதையும் பத்திரப்படுத்துங்கள். வேலை மோசமாகி, குத்தகையாளரும் பொறுப்பேற்காவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான இழப்புக்கு 3 ஆண்டுக்குள் கோரிக்கை செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாளும் படங்களும் சீட்டும்தான்.