கோதுமையின் புதிய நோயும் பூஞ்சைகளிடையே கைமாறிய மரபணுவும்

முன்னுரை

மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வழிவழியாக வருவன. அவ்வழியன்றி, ஓர் உயிரினத்தின் மரபணு வேறோர் இனத்தைச் சென்று சேர்வது கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம் எனப்படும். பாக்டீரியாக்களிடம் இயல்பான இந்நிகழ்வு, பூஞ்சைகளிடம் அரிதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை மாற்றிய சான்றுகளுள் ஒன்று கோதுமைப் பயிரிலிருந்து கிடைத்தது.

நோயின் வரலாறு

பைரனோஃபோரா டிரிட்டிசி-ரெபென்டிஸ் என்னும் பூஞ்சை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிவியலாளரால் பெயரிடப்பட்டுவிட்டது. ஆயினும், கோதுமைக்குப் பெருங்கேடு செய்யும் நோய்க்காரணியாக அது 1941ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டது. இலைகளில் மஞ்சள் விளிம்புடைய பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும் அந்நோய் பின்னர் பல நாடுகளிலும் பரவியது. பூஞ்சை பழையது, நோயோ புதியது. இம்முரணுக்கு விடை பல பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது.

மரபணு தந்த சான்று

1990களில் இப்பூஞ்சையின் நச்சுப்புரதத்திற்குரிய டாக்ஸ்-ஏ மரபணு பிரித்தறியப்பட்டது. பின்னர், வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாகொனோஸ்போரா நோடோரம் என்னும் கோதுமைப் பூஞ்சையின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்தபோது, அதே மரபணு ஏறத்தாழ மாற்றமின்றி அதிலும் காணப்பட்டது. மரபணுவைச் சூழ்ந்த பகுதியையும் சேர்த்துச் சுமார் 11,000 கார இணைகள் இரண்டிலும் ஒத்திருந்தன.

கொடுத்தது எது, பெற்றது எது? ஒரு மரபணு ஓரினத்தில் நெடுங்காலம் இருப்பின் அதில் மாற்றங்கள் சேரும். டாக்ஸ்-ஏ ஸ்டாகொனோஸ்போராவில் பல வடிவங்களில் இருந்தது. பைரனோஃபோராவிலோ வேறுபாடு காணப்படவில்லை. எனவே, முன்னதிலிருந்து பின்னதற்கு, 1941க்குச் சற்று முன்பு இம்மரபணு சென்றிருக்கலாம் எனத் திமோத்தி ஃபிரீசனும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் நிறுவினர். ஒரே இலையில் வளர்ந்த இரு பூஞ்சைகளின் இழைகள் இணைந்தபோது இது நிகழ்ந்திருக்கக்கூடும். 2018இல் பைபோலாரிஸ் சொரோகினியானா என்னும் மூன்றாவது பூஞ்சையிலும் டாக்ஸ்-ஏ இருப்பது ஆஸ்திரேலிய மாதிரிகள் வழி வெளியாயிற்று.

பயிர்க்காப்பில் இதன் பயன்

இந்நச்சு செயற்படக் கோதுமையில் டிஎஸ்என்-1 என்னும் மரபணு இருத்தல் வேண்டும். அதன் அமைப்பு நோயெதிர்ப்பு மரபணுக்களை ஒத்தது என்பதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காவலுக்கு ஏற்பட்டதே பகைக்கு வாயிலாயிற்று. ஆகவே, டிஎஸ்என்-1 இல்லாத கோதுமை வகைகளைத் தேர்ந்து பயிரிடின் டாக்ஸ்-ஏ நச்சு வலுவிழக்கும். அது எந்தப் பூஞ்சையிலிருந்து வந்தாலும் இப்பயன் பொருந்தும்.

முடிவுரை

ஒரு பூஞ்சையின் தொன்மையைக் கொண்டு அது விளைவிக்கும் நோயின் தொன்மையைக் கணித்தல் இயலாது. பயிர்நோய் வரலாற்றை எழுதுவோர் இனங்களின் வழிமரபோடு மரபணுக்களின் வழிப்பயணத்தையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.