ஏடும் நாவும்: வில்லிசையில் நினைவும் புனைவும்

கொடை விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அதை அம்மன் இட்ட கட்டளையாகவே ஏற்றுக்கொண்டேன். அம்மன் வரலாறு இவ்வூரில் குழந்தைகளும் அறிந்தது. அதை இரவெல்லாம் பாடி நம் செவியில் சேர்த்த வில்லிசைப் புலவரைப் பற்றியே எழுத முனைகிறேன்.

எழுதாக்கிளவி

நம் முன்னோர் கல்வியை நாவில் காத்தவர்கள். வேதத்துக்கு எழுதாக்கிளவி என்றே பெயர். பதம், கிரமம், சடை, கனம் எனச் சொற்களை முன்னும் பின்னுமாகக் கோத்து ஓதி, ஓரெழுத்தும் பிசகாமல் காத்தார்கள். அங்கே புனைவுக்கு இடமில்லை.

இதிகாசத்தின் வழி வேறு. வியாச பகவான் அருளிய பாரதத்தை ஜனமேஜயன் வேள்வியில் வைசம்பாயனர் சொன்னார். அதைக் கேட்ட உக்கிரசிரவஸ் நைமிசாரண்யத்து முனிவர்களுக்குச் சொன்னார். கேட்பவர் வினவ வினவக் கதை கிளைத்தது. இராமகாதையையோ, கதைக்கு உரிய இராமபிரான் வீற்றிருக்க, அவர் முன்பே இலவனும் குசனும் பாடினார்கள். அம்மன் சன்னதிக்கு எதிரே வில்லைச் சாத்தி, அம்மன் கேட்கப் பாடும் நம் புலவர் அந்த வழியில் வந்தவரே.

மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் 1930களில் யூகோஸ்லாவியப் பாணர்களை ஆராய்ந்து, அவர்கள் பாடும்போதே பாட்டைக் கட்டுகிறார்கள் என்று கண்டார்கள். நம் வில்லிலோ கதைக்கு ஏடு உண்டு. பாட்டு பெரும்பாலும் ஏட்டை ஒட்டியே நடக்கும். தென்பாண்டி வில்லுப்பாட்டை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல் இதை விரித்துரைக்கிறது.

நள்ளிரவில் கண்டது

சிறுவனாக ஒரு கொடையில் வில்லடியில் உட்கார்ந்திருந்தேன். முன்னிரவில் புலவர் தாராளமாக விளக்கம் சொன்னார். கதையில் வரும் கல்யாணப் பந்திக்கு எங்கள் ஊர்க் குளத்து மீனையே குழம்பு வைத்தார். பின்பாட்டுக்காரர் "ஆமா" போட, கூட்டம் சிரித்தது. சாமம் திரும்பித் தெய்வம் உயிர்விடும் இடம் வந்தது. விளக்கம் நின்றது. வீசுகோல் நாணில் விழும் வேகம் கூடியது. சலங்கையும் உடுக்கையும் குடமும் ஒன்றாயின. புலவர் பாட்டில் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அந்த வரிகளில்தான் கோமரத்தாடியின் உடல் நடுங்கிச் சாமி வந்தது.

சாமி இறங்கும் படி நினைவால் கட்டியது. அதுவரை கூட்டத்தைத் தூங்காமல் அழைத்து வருவது புனைவு. இரண்டுக்கும் எல்லை அறிந்தவரே புலவர்.

முத்துப்பட்டன் தரும் பாடம்

அந்த எல்லை மீறப்பட்டதும் உண்டு. சொரிமுத்தையனார் கோயிலில் நிலையம் கொண்ட முத்துப்பட்டன், அந்தணராய்ப் பிறந்து சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்தவர். மாமனார் கிடையின் மாடுகளை மீட்கப் போராடி உயிர் கொடுத்தவர். அப்பெண்கள் பிறப்பால் அந்தணர், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சில பாடங்கள் சொல்லும். இது பிற்காலத்தில் புகுத்தப்பட்டது என்று பேராசிரியர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். பந்தியில் மீனைச் சேர்ப்பது கதைக்கு அழகு. பெண்களின் பிறப்பை மாற்றுவதோ பட்டன் செய்த தியாகத்தையே களவாடுவது.

வேண்டுகோள்

கலைவாணர் வில்லில் காந்தியடிகளின் கதையைப் பாடினார். அவர் வழிவந்த சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். வில் புதுக்கதையையும் தாங்கும் என்பதற்கு அவர்களே சான்று. ஆனால் கொடை மேடையில் பழங்கதை முழுதாக ஒலிக்க வேண்டும். அன்பர்களே, நேரமாயிற்று என்று புலவரை அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகளை நள்ளிரவு வரை வில்லடியில் உட்கார வையுங்கள். வீட்டுப் பரணில் ஏடு இருந்தால் வெளியே எடுங்கள். அம்மன் துணை.