மெட்டு யாருக்கு உரியது?

மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் உயர்ந்தோர் கலை. ஜாஸ் இசை கேளிக்கை விடுதிச் சரக்கு. இப்பாகுபாடு இசையின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. சமுதாயப் பிரிவினையிலிருந்து பிறந்தது. கறுப்பினக் கலைஞரான ஆட் டேற்றம் 1940இல் தனிப் பியானோவில் வாசித்து வெளிவந்த ஓர் இசைத்தட்டு இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்துகின்றது. துவொர்ஷாக் இயற்றிய 'ஹியூமொறெஸ்க்' என்னும் சிறிய உருப்படியே அதில் அவர் கையாண்ட மெட்டு.

அம்மெட்டின் வரலாற்றை முதலில் நோக்குவோம். துவொர்ஷாக், பொஹீமியக் கிராமமொன்றில் இறைச்சிக்கடையும் சத்திரமும் நடத்தியவரின் மகன். 1892இல் நியூயோர்க் தேசிய இசைக் கல்லூரியின் பணிப்பாளரானார். கறுப்பின மாணவரையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. அங்கு பயின்ற ஹரி பேர்லி தம் மக்களின் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார். அமெரிக்காவின் எதிர்கால இசை இப்பாடல்களையே அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என 1893இல் துவொர்ஷாக் பத்திரிகை வாயிலாகக் கூறினார். மறு ஆண்டுக் கோடையில் தாயகம் சென்றிருந்தபோது எட்டு ஹியூமொறெஸ்க்குகளை எழுதினார். அவற்றுள் ஏழாவது உலகப் புகழ் பெற்றது. காலப்போக்கில் மத்தியதர வர்க்கத்து வரவேற்பறையின் அலங்காரப் பொருளாகவும் ஆயிற்று.

ஒகையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 1909இல் பிறந்த டேற்றம் கண்பார்வை மிகக் குன்றியவர். இவர் அம்மெட்டைத் தொடக்கத்தில் பெரும்பாலும் உள்ளவாறே ஒலிக்கச் செய்கிறார். ஆயினும் அதைத் தாங்கும் சுரக்கூட்டுகள் புதியன. பின்னர் தாளம் பிடிக்கின்றது. இடக்கை, ஆழ்ந்த சுரத்துக்கும் நடுப்பகுதிச் சுரக்கூட்டுக்குமாக மாறிமாறித் தாவுகின்றது. ஹார்லெம் பியானோக் கலைஞர், வீட்டு வாடகை திரட்டுவதற்காக நடைபெற்ற விருந்துகளில் வளர்த்தெடுத்த நடை அது. வலக்கையோ மேற்சுரங்களிலிருந்து அருவியென இறங்கி, தாளம் தவறாது மெட்டுடன் வந்து சேர்கின்றது.

பிறர் மெட்டுக்கு அணி செய்பவரேயன்றிப் புதிது படைப்பவரல்லர் என்ற தொனியில் 1950களில் பிரெஞ்சு விமர்சகர் ஆந்திரே ஓதேர் டேற்றத்தைக் குறைகூறினார். இதனை நாம் ஏற்பதற்கில்லை. பதிப்பாளர் தியாபெல்லியின் சாதாரண நடன மெட்டொன்றை எடுத்து, 1823இல் முடித்த நூலில் 33 வேறுபாடுகளாக விரித்தார் பேதோவன். அதனை வெறும் அலங்காரம் என்பார் உளரோ? அங்கே மேதைமையெனப் போற்றப்படுவது, விடுதிப் பியானோவில் ஒலிக்கும்போது மட்டும் ஒப்பனையாகிவிடுவது எங்ஙனம்?

துவொர்ஷாக் நல்லெண்ணங் கொண்டவர், ஐயமில்லை. எனினும் கறுப்பின மக்களின் பாடலைக் கச்சேரி மண்டப இசைக்கான மூலப்பொருளாகவே அவர் கண்டார். டேற்றம் அவ்வுறவைத் தலைகீழாக்கினார்: கச்சேரி மண்டப மெட்டைத் தம் மக்களின் கலைக்கு மூலப்பொருளாக்கினார். மூலப்பொருள் தருவோராக மட்டும் கருதப்பட்டவர் படைப்பாளராக நிமிர்ந்து நிற்பதே, அச்சிறிய இசைத்தட்டு நமக்குச் சொல்லும் வரலாறாகும்.