பலாலி வேலி பிறந்த கதை

கிண்டி வண்டிக்காரன் தெருவில், எங்கள் மாடியில் நின்று யாரும் தொடர்ந்தாற்போல் பேச முடியாது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அது போனபிறகு மீதியைச் சொல்லவேண்டும். அடுத்த வீட்டு அம்மா மட்டும் அந்த நேரத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்வார். ஜெட் என்றால் கவனிக்கமாட்டார். விசிறி வைத்த சின்ன விமானம் என்றால் நிமிர்ந்து பார்த்து, "இது எங்கட பலாலியிலை இருந்து வருது, பிள்ளை" என்பார். எல்லாச் சின்ன விமானமும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதில்லை, தூத்துக்குடியிலிருந்து வருவதும் உண்டு. அதைச் சொல்லித் திருத்த எனக்கு மனம் வந்ததில்லை.

அவருக்கு ஊர் வசாவிளான். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு, செம்மண் பூமி. வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் விளையும் இடம். ஒருநாள் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, பாலித்தீன் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்பேறி, இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. நாம் பத்திரம் என்கிறோமே, அதற்கு யாழ்ப்பாணத்தில் உறுதி என்று பேர். காணி உறுதி. எட்டுப் பரப்பு நிலம், அதாவது அரை ஏக்கர். கிழக்கே ஒழுங்கை என்கிற சந்து, தெற்கே பெரியப்பாவின் காணி, மேற்கே பனை வளவு. கிணற்றில் பாதிப் பங்கும், தண்ணீர் இறைக்கப் போய்வரும் வழி உரிமையும் உண்டு என்று கடைசியில் எழுதியிருந்தது. தண்ணீருக்கு நடந்துபோகும் பாதையைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த எட்டுப் பரப்பைச் சுற்றி ஒரு வேலி வந்தது. "உயர் பாதுகாப்பு வலயம்" என்பது அதன் பெயர். உறுதிக்கு எழுதினவர், சாட்சி, தேதி எல்லாம் இருக்கின்றன. வேலிக்கு நெடுங்காலம் எந்தக் காகிதமும் கிடையாது. அது பிறந்த கதையைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

முதலில் வந்தது ஓடுபாதை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பலாலியில் அதைப் போட்டது. போர் முடிந்தது, ஓடுபாதை ஊருக்கு மிஞ்சியது. 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. சென்னை அன்று யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அம்மாவின் சிறுவயதில் விமானம் இறங்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் தோட்டத்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். யாரும் விரட்டினதாக அவருக்கு நினைவில்லை.

எண்பதுகளில் இனப்போர் மூண்டது, விமான நிலையத்தை ஒட்டி ராணுவ முகாம் பெருத்தது. அந்த முகாமில் நமக்கும் பங்கிருக்கிறது. இந்திய–இலங்கை ஒப்பந்தம் 1987 ஜூலை 29-ல் கையெழுத்தானதும் இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது பலாலியில்தான். அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இறக்குவதற்காகச் சிப்பாய்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு போனதும் அதே இடத்திலிருந்துதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், கணக்கில் ஒழுங்காக எழுதப்படாத தமிழ்ச் சனமும் செத்தபிறகு, 1990 மார்ச்சில் படை கப்பலேறித் திரும்பியது. பெயரிலேயே அமைதியை வைத்துக்கொண்டு போன படை அது.

மூன்றே மாதம். 1990 ஜூன் இரண்டாவது வாரத்தில் இலங்கை ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி போர். மாத நடுவில் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் மேல் ஷெல் விழத் தொடங்கியது. மயிலிட்டி, காங்கேசன்துறை, தையிட்டி, பலாலி, வசாவிளான் என்று ஊர் ஊராகச் சனம் கிளம்பியது. அம்மா அடுப்பில் உலை வைத்திருந்தாராம்.

"ரெண்டு நாளிலை திரும்பிடலாம் எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள். மாட்டை அவிட்டு விட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. கட்டி வைச்சவையின்ரை மாடெல்லாம்…"

அந்த வாக்கியத்தை அவர் இதுவரை முடித்ததில்லை.

வேலி பிறந்தது அந்த ஜூன் மாதத்தில். எந்தச் சட்டமன்றமும் கூடவில்லை, யாரும் ஆணை வாசிக்கவில்லை. சனம் ஓடியதால் ஊர் காலியானது. காலியான ஊரை ராணுவம் பிடித்துக்கொண்டது. திரும்பி வராமலிருக்க முள்கம்பி போட்டது. பெயர் அதன்பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

அதன் அகலத்தை நிர்ணயித்தது எது என்பதுதான் முக்கியம். எதிரியின் துப்பாக்கி எவ்வளவு தூரம் பாயுமோ அவ்வளவு தூரத்துக்குள் ஊர் இருக்கக்கூடாது என்பதே கணக்கு. ராணுவத்துக்கு அந்தப் பயம் பொய்யான பயமல்ல. 1995 ஏப்ரல் 28-லும் 29-லும், அடுத்தடுத்த நாளில், பலாலிக்குப் பக்கத்தில் இலங்கை விமானப்படையின் இரண்டு ஆவ்ரோ விமானங்களைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகள் கைக்குப் போனதும் பெரிய பீரங்கிகளும் அவர்களிடம் போயின. பீரங்கியின் பாய்ச்சல் நீண்டால் வேலியும் நீளும். போர்நிறுத்தக் காலத்தில் யாழ் குடாநாட்டு நிலத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் இப்படிப்பட்ட வலயங்களுக்குள் கிடந்தது.

பாதுகாப்பு என்ற சொல்லை ராணுவம் மட்டும் எடுத்தாளவில்லை. 1990 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைச் சில மணி நேரக் கெடுவில் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் சேர்த்தால் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களுக்கும் உறுதி இருந்தது, கிணற்றில் பங்கு இருந்தது. வலிகாமம் வடக்கைப் பற்றி அழுகிறவர் இதை விழுங்கிவிட்டுப் பேசினால் அந்த அழுகை பாதிதான் உண்மை. அம்மா விழுங்குவதில்லை. "எங்களுக்கு ஜூனிலை, அதுகளுக்கு ஒக்டோபரிலை" என்று ஒரே மூச்சில் சொல்வார்.

இதே பாதுகாப்புப் பேச்சு அடிபடும் இஸ்ரேல்–பாலஸ்தீனச் செய்தியை எங்கள் மாடியில் மிகக் கவனமாகக் கேட்பவரும் அவர்தான். அவர் நாக்கில் இஸ்ரேல் நாட்டுச் சொல் ஒன்று இருக்கிறது. தங்கள் மேல் குண்டு போட்ட ஆவ்ரோவை யாழ்ப்பாணத்துச் சனம் சகடை என்றது. 1996-ல் இலங்கை அரசு இஸ்ரேலிடம் வாங்கிய போர் விமானத்தை அதன் பெயரிலேயே கிபிர் என்றது. எபிரேய மொழியில் கிபிர் என்றால் இளஞ்சிங்கம். வன்னிக் குழந்தைகள் அந்தச் சொல்லைப் பதுங்குகுழிக்குள் கற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1984-ல், கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலின் நலன் காக்கும் பிரிவு ஒன்று திறக்கப்பட்டு, இஸ்ரேலியர்கள் இலங்கைப் படையினருக்குப் பயிற்சி தந்தார்கள். அதற்கும் முன்னால், ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தின் தொடர்பில் சில ஈழ இளைஞர்கள் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன இயக்கத்தாரிடம் ஆயுதப் பயிற்சி பெற்றார்கள். அங்கே மோதிக்கொண்ட இரண்டு தரப்புமே இங்கே மோதிக்கொண்ட இரண்டு தரப்புக்கு வாத்தியாராக இருந்திருக்கின்றன. சண்டை போடக் கற்றுக்கொடுக்கத்தான் இரு தரப்பிலும் ஆள் இருந்தது.

சமாதானத்துக்கு ஒருமுறை வாய்ப்பு வந்தது. 2002 பிப்ரவரி 22-ல் நார்வேயின் முயற்சியில் போர்நிறுத்த ஒப்பந்தம். அகதி முகாம்களில் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று மூட்டை கட்டினார்கள். பதற்றத்தைத் தணித்து இயல்பு வாழ்க்கையை மீட்க ஓர் உபகுழுவும் அமைந்தது. அங்கேதான் வேலி குறுக்கே விழுந்தது. அப்போது யாழ்ப்பாணத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா, புலிகள் ஆயுதம் களைந்தால்தான் வலயத்தைக் குறைக்கமுடியும் என்று எழுத்தில் கொடுத்தார். சனம் வீடு திரும்புவதற்கு ஆயுதக் களைவை நிபந்தனையாக வைப்பதை ஏற்கமாட்டோம் என்றார்கள் புலிகள். 2003 ஜனவரியில் உபகுழு முடங்கியது. இந்தியாவின் ஓய்வுபெற்ற தளபதி சதீஷ் நம்பியாரை அழைத்து வலயங்களை ஆராயச் சொன்னது கொழும்பு. ஏப்ரலில் பேச்சுவார்த்தையே நின்றது. ஒரு சமாதானம் கவிழ்வதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். முதலில் விரிசல் கண்ட இடங்களில் ஒன்று, அம்மாவின் கிணற்றடியைச் சுற்றிப் போட்ட அந்தக் கம்பி.

"நான் பத்திரமாக இருந்தால் அல்லவா உன்னோடு சமாதானம் பேசமுடியும்?" என்பது ஒரு தரப்பு. "என் வீட்டை நீ திருப்பித் தந்தால் அல்லவா அது சமாதானம்?" என்பது மறு தரப்பு. இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனருக்கும் இடையிலான ஒஸ்லோ உடன்பாடு சிக்கியதும் இந்த முடிச்சில்தான். 1993 செப்டம்பரில் கைகுலுக்கினார்கள். 1995-ல் மேற்குக் கரையை மூன்றாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 60 சதவீத நிலம் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் தற்காலிகமாக இருக்கும், படிப்படியாகக் கைமாறும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் நீள்கிறது. டெல் அவிவிலும் ஜெருசலேமிலும் பஸ்ஸுக்குள் மனிதகுண்டு வெடித்தபோதெல்லாம், நிலத்தைக் கொடுத்தால் இதுதான் கிடைக்கும் என்ற குரல் ஓங்கியது. குழந்தையைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு வாசலில் நின்ற தாயின் பயத்தைச் சின்னதாக்க எனக்கு உரிமையில்லை. அதே மேற்குக் கரையில், ஹெப்ரோனுக்குத் தெற்கே மசாஃபர் யாட்டா மேட்டில் எண்பதுகளின் தொடக்கத்தில் ராணுவத் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சிக் களம் என்று கோடு கிழித்தார்கள். அங்கே ஆடு மேய்த்து வாழும் ஆயிரம் பேரை வெளியேற்றலாம் என்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. அந்தத் தாயைப் பாதுகாக்க இந்த ஆட்டுக்கிடையைத்தான் பிடுங்கவேண்டுமா என்று கேட்கவும் எனக்கு உரிமை உண்டு. 2005-ல் காசாவை விட்டு வெளியேறினோம், ராக்கெட்தான் வந்தது என்பார்கள் இஸ்ரேலியர்கள். 2023 அக்டோபர் 7-ல் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டதைக் காட்டுவார்கள். அது உண்மை. அதன்பின் காசாவில் பல்லாயிரக்கணக்கில் செத்ததும் உண்மை. எல்லையிலும் வானத்திலும் கடலிலும் காவல் போட்டு வைத்திருந்த ஒரு நிலத்திலிருந்துதான் அந்த அக்டோபர் வந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

முதலில் பாதுகாப்பு, பிறகு சமாதானம் என்ற வாதத்துக்கு உலகத்தில் எங்காவது முழுப் பரீட்சை நடந்திருக்கிறதென்றால் அது வலிகாமம் வடக்கில்தான். 2009 மே மாதம் புலிகள் முற்றாக அழிக்கப்பட்டார்கள். பொன்சேகா 2002-ல் கேட்ட நிபந்தனை, அவர் கேட்டதற்கும் மேலாக நிறைவேறிவிட்டது. பலாலியை நோக்கி நீட்டிய பீரங்கி ஒன்றுகூடக் கிடையாது. அளவுகோல் போனபிறகு வேலியும் போயிருக்கவேண்டும்.

போகவில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவமே தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்தியது. 2013 ஏப்ரலில், பிறந்து 23 வருஷம் கழித்து, வேலிக்கு ஒரு காகிதம் வந்தது: 6,381 ஏக்கரை நிரந்தரமாக அரசு எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தல். மரங்களில் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்கள் சில மைல் தள்ளி, சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம் குடிசைகளில் உறுதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா 1995-ல் வன்னிக்கு ஓடி, அங்கிருந்து படகேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்து, பிறகு மகளோடு கிண்டிக்கு வந்துவிட்டார். அந்த அறிவித்தலின் படத்தைப் பேரன் போனில் காட்டியபோது, "எங்களைத் தேடினவையாமோ?" என்று மட்டும் கேட்டாராம்.

சனம் நீதிமன்றத்துக்குப் போனது, தெருவில் உட்கார்ந்தது. 2015-லிருந்து துண்டு துண்டாக நிலம் விடுபட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மீனவர் கைக்கு வந்தது. 2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் பறந்தது, கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. அம்மா தலை நிமிர்த்திப் பார்ப்பது அந்த விமானத்தைத்தான். அதில் யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் பலாலியில் போய் இறங்கலாம். ஓடுபாதைக்குப் பக்கத்திலுள்ள தன் வளவுக்குள் மட்டும் அவர் கால் வைக்கமுடியாது. வலயத்தின் உள்வட்டம் இன்னும் விடுபடவில்லை.

2025 ஏப்ரலில் வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகும் பிரதான சாலையை முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு திறந்தார்கள். பகலில் மட்டும் போகலாம், வண்டியில்தான் போகவேண்டும், நடக்கக்கூடாது, நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை. அம்மாவின் தங்கை மகன் மோட்டார் சைக்கிளில் போய்விட்டு வந்து, அன்று ராத்திரி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மூன்று வீட்டுக்காரர்களும் சுற்றி உட்கார்ந்தோம்.

"கிணறு தெரிஞ்சுதோ, தம்பி?"

"பத்தை மண்டிப்போச்சு, பெரியம்மா. நிண்டு பாக்க விடேல்லை. மெதுவா ஓட்டினன், அவ்வளவுதான்."

"வேப்பமரம்?"

"ரெண்டு மூண்டு வேம்பு நிண்டது. எது எங்கடை எண்டு தெரியேல்லை."

அம்மா எழுந்துபோய் டப்பாவை எடுத்துவந்தார். உறுதியைப் பிரித்துக் கண்ணருகே வைத்து, விளக்கடியில் எல்லைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். கிழக்கே ஒழுங்கை. தெற்கே பெரியய்யா காணி. மேலே ஒரு விமானம் போனது. அதற்காக அவர் நிறுத்தவில்லை. "சந்தியிலை இருந்து வாறபோது வலப்பக்கம் ஒழுங்கை. ஒழுங்கை முடக்கிலை முதல் வேம்பு எங்கடை. அடுத்தமுறை போகேக்கை அதை மட்டும் பார்."