உட்காரக் கேட்ட பெண்கள்

உழைக்காமல் சாப்பிடுகிறவரை 'உட்கார்ந்து தின்கிறவர்' என்கிறோம். உட்காருவதையே சோம்பலாகப் பார்க்கும் இந்த வழக்கைத்தான் துணிக்கடைகள் விதியாக்கிக்கொண்டன என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் வராத நேரத்திலும் விற்பனைப் பெண் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இதற்கான சண்டை பழையது. பிரிட்டனில் 1899-லேயே மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் வந்தது. நம் 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலோ அந்த இருக்கை இருக்கவில்லை.

கேரளத்தில் இதைக் கேட்டவர் கோழிக்கோட்டுத் தையல் தொழிலாளி விஜி. மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. 'பெண்கூட்டு' அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு துணிக்கடையின் பெண்கள், சங்கத்தில் சேர்ந்ததற்காக இடமாற்றப்பட்டு, நூறு நாளுக்கும் மேல் போராடினார்கள். 2018-இல் கேரளமும் 2021-இல் தமிழ்நாடும் எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின.

போராட்ட நாட்களை எண்ணலாம். வாய் திறக்க முடியாமல் கழிந்த ஆண்டுகளின் கணக்கு உடம்பில்தான் இருக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நிற்கும் காலில் இரத்தம் தேங்கும். ஆண்டுக்கணக்கில் நின்றால் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளும், கால் வீங்கும், ஆறாத புண்ணும் வரலாம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காதவளுக்கு நீர்க்கடுப்பு, திரும்பத் திரும்பத் தொற்று. வாய் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் கால் போகும்.

நாற்பது வயதில் அவளால் முடியாமல் போகும்போது, 'பொம்பளைக்கு வர்ற வலிதான்' என்கிறது வீடு. கடைக்குப் புதிதாக இளம்பெண் கிடைத்துவிடுகிறாள். வேலையை விட்டவளை 'நின்றுவிட்டாள்' என்கிறோம். இத்தனை காலம் நின்றதால்தான் நின்றுவிட்டாள் என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை. தொழில்நோய் என்ற பெயர் கிடைக்காததால் இழப்பீடும் இல்லை.

சட்டம் நாற்காலி போடச் சொல்கிறது. உட்கார்ந்தவளை மேற்பார்வையாளர் ஒரு பார்வையால் எழுப்பிவிட்டால் அவள் யாரிடம் போவாள்? சங்கம் இல்லாத கடையில் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கும்.