கேம்பிரிட்ஜின் நாடா நூலகம்

ஒருவர் எழுதிய ஃபங்ஷனை இன்னொருவர் தம் நிரலில் ஒரே வரியில் அழைத்துக்கொள்வது இன்று சாதாரண வேலை. இதைச் சாத்தியமாக்கியது கணினியின் திறன் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி, 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. வகுத்தலுக்குக்கூட அதில் தனிக் கட்டளை கிடையாது. அதையும் நிரலாகத்தான் எழுத வேண்டும். எழுதும் நிரல்களிலோ பிழைகள் மலிந்தன. ஒருமுறை எழுதிச் சோதித்த துணைநிரல்களை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல்களை, எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று, அவற்றைத் துளையிட்ட காகித நாடாக்களாக எஃகு அலமாரியில் சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்ளலாம். 1951-க்குள் அந்த நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன.

ஆனால் படியெடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிரலிலும் துணைநிரல் நினைவகத்தின் வெவ்வேறு இடத்தில் அமரும். உள்ளே இருக்கும் முகவரிகள் அதற்கேற்ப மாற வேண்டும். ஆய்வு மாணவராக இருந்த டேவிட் வீலர், நாடாவைப் படிக்கும்போதே முகவரிகளைத் திருத்திவிடும் தொடக்கக் கட்டளைகளை எழுதினார். வேலை முடிந்ததும் திரும்பிச் செல்வது எப்படி என்ற சிக்கலுக்கும் அவரே வழி கண்டார். அழைக்கும் நிரல் தன் இருப்பிடத்தைக் கணக்கீட்டு மதிப்பைத் தாங்கும் திரளகத்தில் (accumulator) வைத்துவிட்டுத் துணைநிரலுக்குத் தாவும். துணைநிரல் அதைக் கொண்டு, திரும்புவதற்கான கட்டளையைத் தானே அமைத்துக்கொள்ளும். திரும்பி வருவதற்கென்று இயந்திரத்தில் தனிக் கட்டளை இல்லை. எழுதுபவரும் அழைப்பவரும் ஒரே முறையைக் கடைப்பிடித்ததால்தான் அது நடந்தது.

துணைநிரல் என்ற எண்ணம் ஆலன் டூரிங்கின் ஏஸ் கணினித் திட்டத்தில் முன்பே இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எண்ணம் வேறு, பலர் சேர்ந்து புழங்கும் வழக்கம் வேறு. அந்த வழக்கத்தை 1951-இல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்கள். நினைவகம் சிறிது, அதை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு என்பது இன்னொரு வாதம். ஒரே நிரலுக்குள் ஒரு பகுதியைப் பலமுறை அழைப்பதற்கு அது பொருந்தும். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதை நம்பி எடுத்தாள்வதற்கு அது காரணமாகாது.

அந்த நம்பிக்கைக்கு விளக்கக் குறிப்பு வேண்டும். துணைநிரலின் உட்புறம் அறியாதவரும் பயன்படுத்தும்படி விவரம் எழுதுவதே மிகக் கடினமான பகுதியாக இருக்கக்கூடும் என்று வீலர் 1952-இலேயே எழுதினார். இன்று முகவரிகளைப் பொருத்தும் வேலையைக் கருவிகள் செய்துவிடுகின்றன. எழுதுபவருக்கும் அழைப்பவருக்கும் இடையிலான உடன்பாட்டை அவை உண்டாக்குவதில்லை. 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி மாட்யூலை அதன் ஆசிரியர், மாட்யூல்களைப் பகிரும் என்பிஎம் (npm) களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் நின்றுபோயின. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. பகிர்ந்தது தொடர்ந்து கிடைக்கும் என்ற எழுதப்படாத உடன்பாடுதான் முறிந்தது. ஆகவே மாட்யூலைப் பகிர்பவர் முதலில் எழுத வேண்டியது அதன் விளக்கத்தையும் பொறுப்பையும். நிரல் அதற்கு அடுத்தது.