காலாப்பட்டு யுனிவர்சிட்டி

சேதராப்பட்டு என்றால் இன்று பிப்டிக் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். ஷிப்டு மாறும் நேரத்துக் கம்பெனி வேன்கள், டீக்கடைக் கூட்டம், வேலை கேட்டு வந்து நிற்கும் ஐடிஐ பையன்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வட்டாரத்தைத் தேடி வந்தவர்கள் நிலவியலாளர்கள். சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் பக்கத்து மண்ணுக்கு அடியில் டைனோசர் காலத்துக் கடலின் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் படிமங்களாகக் கிடக்கின்றன. 1840களின் தொடக்கத்தில் மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே என்ற அதிகாரி புதுச்சேரிப் பக்கம் பொறுக்கிச் சேர்த்த படிமங்கள் கப்பலேறின. லண்டனில் இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் அச்சிட்டார்.

புதுச்சேரியின் உயர்கல்விக் கதையும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. ஆராய்வதற்கு ஏற்ற பொருளெல்லாம் இங்கே, ஆராய்கிறவர்கள் வேறெங்கோ.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் படிப்பே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. இன்று லிசே என்று ஊரார் அழைக்கும் பள்ளி 1826இல் தொடங்கியது. 1838இல் சட்டப் பள்ளி வந்தது. மருத்துவப் பள்ளியும் இருந்தது. கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் வேண்டிய அளவுக்கு ஆட்களை உருவாக்க அது போதும். நெட்டப்பாக்கத்திலோ சேதராப்பட்டிலோ நாற்று நடுகிறவர் பிள்ளைக்கு அந்தப் படியேறும் வழி அநேகமாக இல்லை. பல்கலைக்கழகம் என்ற ஒன்றை நிறுவும் எண்ணமே ஆட்சியாளர்களுக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரையோரம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அங்கே சேர்ந்த சைவ ஆகமச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அது ஆய்வாளர்களின் இடம். பட்டம் வாங்கப் போகும் இடமல்ல. தாகூர் கலைக் கல்லூரி முதலிய கல்லூரிகளில் படித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பழைய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மருக்கும் அப்போது பட்டம் வர வேண்டிய இடம் சென்னைதான்.

1985இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் பிறந்தது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அந்தச் சட்டத்தைப் படித்தால் ஒரு விசித்திரம் தட்டுப்படும். பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுக்குள்ளேயே பிரெஞ்சுப் படிப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சின்னத்தில் பொறித்த வாசகமும் பிரெஞ்சு, ‘ஒளியை நோக்கி’ என்ற பொருளில். எல்லையோ அதைவிட விசித்திரம். தமிழ் பேசும் புதுச்சேரியும் காரைக்காலும், மலையாள மாகி, தெலுங்கு ஏனாம், இவற்றோடு அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ். துணைக் குடியரசுத் தலைவர் வேந்தர். முதல் துணைவேந்தர் கே. வேங்கடசுப்பிரமணியன்.

இடம் காலாப்பட்டில், கடலோரமாக ஏறத்தாழ 780 ஏக்கர். நகரத்திலிருந்து ஈ.சி.ஆரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொம்மையார்பாளையம் தாண்டி, மறுபடி புதுச்சேரி மண்ணில் இறங்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த நிலம் அப்படி. சேதராப்பட்டிலிருந்து போகிறவருக்கும் இதே கதை: வானூர் வட்டமும் ஆரோவிலும் குறுக்கே கிடக்கும்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப வருடங்களில் நடந்த துணிச்சலான காரியம் கட்டடமோ ஆய்வுக்கூடமோ அல்ல. 1989இல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை அழைத்துவந்து நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேராசிரியராக உட்கார வைத்தார்கள். கரிசல் காட்டு இடைசெவல் ஊர்ச் சம்சாரி, பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன் என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். யுஜிசி விதிகளைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கும் இன்றைய சூழலில் அப்படி ஒரு நியமனக் கோப்பு எத்தனை மேசை தாண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கி.ரா. கற்றுக்கொடுத்த பாடம் எளிது, செய்வது கஷ்டம். ஊருக்குப் போ, கதை தெரிந்த கிழவியைக் கண்டுபிடி, அவள் சொல்கிறபடியே எழுது. ‘வந்துச்சு’ என்று சொன்னால் ‘வந்தது’ என்று திருத்தாதே. வசவும் கொச்சையும் வந்தால் அதுவும் ஏட்டில் ஏறட்டும். அப்படிச் சேர்ந்தவைதான் புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகள். கரிசல் காட்டு மனிதர் இந்த வட்டாரப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டது இதில் கூடுதல் சுவை. சிப்பி பொறுக்கிப் போன வெள்ளைக்காரருக்குப் பிறகு, இந்தச் சிற்றூர்களில் கிடைப்பதை உள்ளூர்ப் பிள்ளைகளே சேர்த்து, உள்ளூரிலேயே வைத்து ஆராயும் காலம் வந்திருந்தது. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது கி.ரா. புதுச்சேரிக்காரராகவே மாறியிருந்தார். 2021 மே மாதம் லாஸ்பேட்டை வீட்டில் இறக்கும்வரை அப்படித்தான்.

நாடகத் துறையும் இதே வேகத்தில் எழுந்தது. தலைமையேற்க வந்தவர் இந்திரா பார்த்தசாரதி. டெல்லிப் பேராசிரியர், நாடகாசிரியர். துறைக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் வைத்ததில் நியாயம் உண்டு. ஊர் ஊராகக் கொட்டகை போட்ட அந்த மனிதர் 1922இல் புதுச்சேரியில்தான் கண்மூடினார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பின்னாளில் கே.ஏ. குணசேகரன் இத்துறைக்கு வந்தார். தப்பும் பறையும் வகுப்பறைக்குள் ஒலித்தன. ‘வடு’ என்ற தன்வரலாறு எழுதிய அவர் மேடையில் பாடினால் கூட்டம் எழுந்து போகாது என்பார்கள். தமிழ்ப் புலத்துக்குப் பாரதியின் பெயர், நூலகத்துக்கு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் என்று வளாகத்தில் உள்ளூர் வரலாறு கொஞ்சம் தாராளமாகவே கிடைக்கும்.

1995இல் லாஸ்பேட்டையில் சமுதாயக் கல்லூரி தொடங்கியதும் குறிப்பிட வேண்டியது. கைத்தொழிலோடு படிப்பு என்ற அந்த அமைப்பு இந்தியாவிலேயே முதலாவது. பிறகு ‘புதுவை வாணி’ என்ற சமுதாய வானொலியும் வளாகத்திலிருந்து பேசத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளூரில் ஒரு மனக்குறை தீராமல் இருக்கிறது. நிலம் புதுச்சேரியுடையது, சீட்டு யாருக்கு? மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர் வருகிறார்கள். விடுதி மெஸ்ஸில் மலையாளமும் ஒடியாவும் வங்காளமும் கேட்பது நல்லதுதான். ஆனால் சில படிப்புகளில் மட்டும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இருந்த 25 விழுக்காடு ஒதுக்கீட்டை எல்லாப் படிப்புகளுக்கும் நீட்டிக்கச் சொல்லி மாணவர் அமைப்புகளும் கட்சிகளும் வருடாவருடம் வாயிலில் நிற்கின்றன. நாடு தழுவிய க்யூட் நுழைவுத் தேர்வு வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. கட்டண உயர்வை எதிர்த்து 2020இல் மாணவர்கள் நாள்கணக்கில் போராடியதும் இதே வளாகத்தில்தான்.

பக்கத்துப் பிள்ளைச்சாவடியில் யூனியன் பிரதேச அரசு நடத்திவந்த பொறியியல் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1838இல் தொடங்கிய சட்டப் பள்ளியின் வாரிசான அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியும் நகரத்தை விட்டுக் காலாப்பட்டுக்கு வந்துவிட்டது. ஆக, ஒரு காலத்தில் மீன்பிடி ஊர்களும் முந்திரித் தோப்புமாக இருந்த அந்தக் கரையில் இப்போது பஸ் ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது.